எட்டு மில்லிமீட்டர்

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை காலை, கடை திறந்த பத்தாவது நிமிடத்தில் மாஸ்டரம்மா ஒரு அளவு டேப்பை நடுவில் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"அக்கா, அது நல்லாத்தானே இருந்துச்சு," என்றாள் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கும் பெண்.

"நல்லாத்தான் இருக்கும். இழுத்து இழுத்து அரை சென்டிமீட்டர் நீண்டிருக்கு. நீ இதுல அளந்திருக்கே. இவ புது டேப்புல அளந்திருக்கா. இப்போ ஒரே நர்ஸுக்கு ரெண்டு தோள் அளவு. நான் எந்தத் தோளுக்கு வெட்டுறது?"

இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஒரு ஆளுக்கு ஒரு டேப்பு. அளந்தவளே திரும்ப அளக்கணும். போங்க, அந்தம்மாவுக்கு போன் பண்ணி வரச் சொல்லுங்க. தப்பு நம்மளுதுன்னு சொல்லுங்க."

சீருடை தைக்கும் பட்டறை அது. பதினொரு மெஷின், ஒரு நீள மேசை. நாற்பது அடுக்குத் துணியை ஒன்றாக விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, அதற்குள் கட்டர் மெஷினை ஓட்டுகிற வேலை மாஸ்டரம்மாவுடையது. கோடு ஒரு நூல் தப்பினால் நாற்பது சட்டை தப்பும். இருபத்திரண்டு வருடமாகத் தப்பியதில்லை. அதனாலேயே சொந்தப் பெயர் போய் மாஸ்டரம்மா ஆகிவிட்டாள். கோபம் வந்தால் கணவர்கூட, "சரிங்க மாஸ்டர்" என்றுதான் சொல்வார்.

அவளுக்கு இடது மார்பில் இருக்கும் கட்டி புற்றுநோய் என்று தெரிந்து இன்றோடு நான்கு வாரம். பட்டறையில் யாருக்கும் தெரியாது. படம் மேல் படம் எடுத்தாயிற்று, ஊசி குத்திப் பார்த்தாயிற்று, இதயத்தைக்கூடச் சோதித்தாயிற்று. மருத்துவமனை இப்போது ஒரே ஒரு பதிலுக்குக் காத்திருந்தது. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு ஆபரேஷனா, அல்லது நேரே மார்பையே எடுத்துவிடும் ஆபரேஷனா? டாக்டர் முதல் வழியைத்தான் சொன்னார். ஆனால் முடிவு உங்களுடையது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லுங்கள் என்றார். கீமோ என்றால் வரும் செவ்வாய்க்கிழமை முதல் தவணை. ஆபரேஷன் என்றால் வியாழக்கிழமை.

மாஸ்டரம்மா முடிவெடுத்துவிட்டாள். வியாழக்கிழமை.

காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அது பட்டறையின் ட்ரையல் ரூமில், கண்ணாடிக்குப் பின்னால், நான்காக மடித்த ஒரு சீட்டில் இருந்தது. பெண்கள் போன் பண்ணப் போனதும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, அதை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

மேமோகிராம் எடுத்தபோது முப்பத்தெட்டு மில்லிமீட்டர். மூன்று வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது நாற்பத்தாறு. அதாவது மூன்று வாரத்தில் எட்டு மில்லிமீட்டர். கீமோ முடிந்து ஆபரேஷன் மேசைக்குப் போக இருபத்தொரு வாரம். ஏழு எட்டு ஐம்பத்தாறு. நாற்பத்தாறோடு கூட்டினால் நூற்றிரண்டு.

நூற்றிரண்டு மில்லிமீட்டர் என்றால் நான்கு அங்குலம். சட்டைப் பையின் அகலம். சட்டைப் பை தைக்கிற இடமும் அதுதான்.

மருந்து வேலை செய்தால் சுருங்கும் என்கிறார் டாக்டர். செய்யாவிட்டால்? இப்படி ஓடுகிற ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு ஐந்து மாதம் எப்படிப் படுத்து எழுந்திருப்பது? இந்தக் கணக்கை அவள் எட்டு முறை போட்டுப் பார்த்துவிட்டாள். எட்டு முறையும் விடை மாறவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. வெளியூரில் கால்நடை மருத்துவம் படிக்கும் மகளுக்கு இறுதி ஆண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஆபரேஷன் என்றால் ஏதோ ஒரு சின்னக் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். கீமோ என்றால் பரீட்சை முடிந்து அவள் வரும் நேரத்தில் முடி கொட்டும். கொட்டிய முடிக்கு என்ன கதை சொல்வது?

சீட்டை மடித்து, இந்த முறை கண்ணாடிக்குப் பின்னால் வைக்காமல், கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

மதியம் ஒரு மணிக்கு மேலிடம் வந்தது.

மேலிடம் என்பது நாத்தனார். கணவரின் அக்கா. அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறாள், பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை. வீட்டில் என்ன முடிவானாலும் மாடியிலிருந்து ஒரு உத்தரவு இறங்கும். அதனால் அந்தப் பெயர். அவளுக்கும் அது தெரியும். பெருமைதான்.

பட்டறைக்கு அவள் வந்ததே இல்லை. மாஸ்டரம்மா கட்டர் மெஷினை நிறுத்தினாள்.

"என்ன அண்ணி, இவ்வளவு தூரம்?"

"ஏன், வரக்கூடாதா? எனக்கும் ஒரு கோட்டு தையேன். பல் ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னை நோயாளின்னு நெனச்சு உட்காரச் சொல்றாங்க."

ட்ரையல் ரூமில் ஒரே ஒரு ஸ்டூல். அதில் நாத்தனார் உட்கார்ந்துகொண்டாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இன்னைக்குத்தானே பதில் சொல்லணும்?"

"ஆமா."

"என்ன சொல்லப் போறே?"

மாஸ்டரம்மா கையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தாள்.

"ஒரு மாசமாப் பார்க்கிறேன். நான் படியிறங்கி வந்தாலே கீழே பேச்சு நின்னு போயிடுது. என்னைக் கண்டா அந்த வார்த்தையை எல்லாரும் முழுங்கிடுறீங்க. கீமோ. இதோ நானே சொல்றேன். கீமோ, கீமோ, கீமோ. எனக்கு ஒண்ணும் ஆகலை பாரு."

ஏழு வருடத்துக்கு முன் நாத்தனாரின் கணவர் வயிற்றுப் புற்றுநோயில் போனார். கீமோ நடந்துகொண்டிருந்தபோதே. அவரைத் தூக்கி, இறக்கி, வாந்தி துடைத்து, கடைசிவரை கூடவே இருந்தவர் மாஸ்டரம்மாவின் கணவர்தான். அன்றிலிருந்து அவருக்கு அந்த வார்த்தையே ஆகாது.

"அவர் போனது மருந்தால இல்லைம்மா. நோய் முத்தின பிறகுதான் போய் நின்னோம். மருந்து ஓடிக்கிட்டிருந்தப்போ போனார், அவ்வளவுதான். தம்பி ரெண்டையும் ஒண்ணாக் கட்டி மனசுல போட்டுக்கிட்டான். அவனுக்காக நீ ஆபரேஷன்னு சொல்லாதே."

"அவருக்காக இல்லை அண்ணி."

"அப்போ ஆபரேஷன்னுதான் சொல்லப் போறே."

பிடிபட்டுவிட்டாள்.

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது மாரை அறுத்துக்குவாங்களா?"

சீட்டை எடுத்துக் காட்டிவிடலாம் என்று கை பைக்குள் போனது. அதற்குள் கதவைத் தட்டினாள் காஜா எடுக்கும் பெண். "அக்கா, அந்த நர்ஸம்மா வந்துட்டாங்க. நீங்களே அளக்கணுமாம். எங்களை நம்ப மாட்டாங்களாம்."

நாத்தனார் எழுந்தாள். "பொண்ணுகிட்டச் சொல்லிட்டியா?"

"பரீட்சை முடியட்டும்."

"முடியட்டும், முடியட்டும். அவ வந்து கேக்கும்போது நான் மேலே போய்க் கதவைச் சாத்திக்குவேன். பதில் நீயே சொல்லிக்கோ."

இது உத்தரவு இல்லை. அதனால்தான் மாஸ்டரம்மாவுக்கு அதிகமாக உறைத்தது.

*

மூன்றரை மணிக்கு மருத்துவமனை வாசலில் அவள் கணவர் லிஃப்ட்காரர் நின்றிருந்தார். அவருடைய வேலையே அவருக்குப் பெயர். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கை பட்டு ஓடுகிறது. இடுப்பில் இரண்டு போன். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவதற்கு.

"லிஃப்ட்ல போயிடலாமா?" என்றாள்.

"படியிலேயே போகலாம்."

"ஏன், இது நீங்க சர்வீஸ் பண்ணதுதானே?"

"அதனாலதான்."

சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் அந்த லிஃப்டில்தான் தன் அத்தானை, அக்காவின் கணவரை, சக்கர நாற்காலியில் ஏற்றி இறக்கினார் என்பது அவளுக்குத் தெரியும். மூன்று மாடியும் அவள் முன்னால் ஏற, அவர் ஒரு படி பின்னாலேயே வந்தார், விழுந்தால் பிடிப்பவரைப் போல.

டாக்டர் ஒரு சின்ன உருவம். கோட்டுக்குத் தோள் ஒரு சைஸ் பெரிது, தையல் கைக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் மாஸ்டரம்மாவின் கண் முதலில் அங்கேதான் போகும்.

"யோசிச்சீங்களா?"

"யோசிச்சாச்சு டாக்டர். வியாழக்கிழமையே எடுத்துடுங்க."

லிஃப்ட்காரர் பெரிதாக மூச்சு விட்டார். "அதான் டாக்டர் நல்லது. அதோட முடிஞ்சுதுல்ல. அந்தக் கீமோ எல்லாம் வேண்டியதில்லைல்ல."

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"போன வாரம் சொன்னேனே. அன்னைக்கு சார் வரலை, இல்லையா? நீங்க சொல்லலையா?"

மாஸ்டரம்மா மேசை விளிம்பைப் பார்த்தாள். பிளைவுட்டின் ஒட்டு ஒரு மூலையில் விட்டிருந்தது.

"சார், இவங்களுக்கு வந்திருக்கிற வகைக்குக் கீமோ எப்படியும் உண்டு. முன்னாடியா, பின்னாடியாங்கிறதுதான் கேள்வி. ஆபரேஷன் முதல்ல பண்ணினாலும் ஒரு மாசத்துல கீமோ ஆரம்பிக்கணும்."

லிஃப்ட்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"ஒரு வாரமா நான் நல்லாத் தூங்கினேன். நீ அதைப் பார்த்துக்கிட்டே இருந்தியா?"

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆபரேஷனோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பி நான்கு வாரத்தில் முதல்முறையாக அவர் குறட்டை விட்டதைக் கேட்டுக்கொண்டு, இவராவது தூங்கட்டும் என்று சும்மா இருந்தாள். அவர் அப்படி நம்பிக்கொண்டிருப்பது தன் முடிவுக்கும் தோதாக இருந்தது என்பதைத்தான் இப்போது எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

டாக்டர் அவளுடைய கோப்பைத் திறந்தார். பிறகு, "எனக்கு ஒண்ணு சொல்லுங்க," என்றார். "ஆபரேஷன் முதல்லன்னு சொன்னா அதுவும் தப்பான வழி இல்லை. உயிரைக் காப்பாத்துற கணக்குல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். நீங்க சொன்னா நான் செய்வேன். ஆனா ஏன்னு தெரிஞ்சுக்கணும். முதல் நாள் நீங்கதானே, முடிஞ்சா மார்பைக் காப்பாத்திக் குடுங்கன்னு கேட்டீங்க?"

மாஸ்டரம்மா கைப்பையைத் திறந்து சீட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

டாக்டர் படித்தார். முப்பத்தெட்டு. நாற்பத்தாறு. எட்டு. ஐம்பத்தாறு. நூற்றிரண்டு. அதற்கு அடியில் இரண்டு கோடு.

லிஃப்ட்காரரும் எட்டிப் பார்த்தார். அவருக்கு அந்தக் கையெழுத்து தெரியும். துணி எத்தனை மீட்டர் வேண்டும் என்று வீட்டில் அவள் எழுதுகிற அதே எண்கள், அதே இரண்டு கோடு.

"இதை எப்போ போட்டீங்க?" என்றார் டாக்டர்.

"பத்து நாளாச்சு. ரிப்போர்ட்டு ரெண்டும் கைக்கு வந்த அன்னைக்கு."

"பத்து நாளா இது நாலு அங்குலமாகும்னு நெனச்சுக்கிட்டா இருந்தீங்க?"

அவள் தலையாட்டினாள்.

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வெள்ளைப் புகை மாதிரி. இன்னொன்று கறுப்பு, நடுவில் பளிச்சென்று ஒரு திட்டு.

"இது மேமோகிராம். அமுக்கித் தட்டையாக்கி எடுத்த படம். இது எம்.ஆர்.ஐ. ஊசியில மருந்து ஏத்தி, கவிழ்ந்து படுக்க வச்சு எடுத்தது. ரத்தம் எங்கெங்க ஓடுதோ அதெல்லாம் இதுல பளிச்சுன்னு தெரியும், கட்டியோட ஓரம் உள்பட. இதுல பல நேரம் கொஞ்சம் பெருசாத்தான் காட்டும். எடுத்த விதம் வேற, மெஷின் வேற, அளந்த டாக்டர் வேற. ஒண்ணுலருந்து இன்னொண்ணைக் கழிக்க முடியாது."

"அப்போ வளரலையா?"

"வளரவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் வளர்ந்தும் இருக்கலாம். ஆனா எட்டுங்கிற நம்பர் கட்டியோடது இல்லை. ரெண்டு மெஷினுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம் அது."

வெளியே யாரோ ஒருவரின் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

மாஸ்டரம்மாவுக்குக் காது சூடானது. நோய் என்று சொன்ன நாளில்கூட அவளுக்கு இவ்வளவு அவமானமாக இல்லை. ஒரே நர்ஸுக்கு இரண்டு தோள் என்று காலையில் இரண்டு பெண்களை நிற்கவைத்துத் திட்டியவள் அவள். இரண்டு டேப்பில் அளந்து கழித்துக் காட்டியிருந்தால் பட்டறையில் யாராக இருந்தாலும் அன்றைக்கே மேசையை விட்டு இறக்கியிருப்பாள். பத்து நாளாக எட்டு முறை சரிபார்த்தாள். பெருக்கலைச் சரிபார்த்தாள், கூட்டலைச் சரிபார்த்தாள். எந்த டேப் என்று மட்டும் கேட்கவில்லை.

"கொஞ்சம் வெளியில போயிட்டு வர்றோம் டாக்டர்," என்றார் லிஃப்ட்காரர்.

*

படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு ஜன்னல். கீழே ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. மணி நாலு இருபது.

"அவ்வளவு பெரிய கணக்கைத் தனியாப் போட்டிருக்கே," என்றார் அவர். "நான் பெருக்கல் தெரியாதவனா?"

"நீங்க பயந்துடுவீங்கன்னு."

"நான் ஏற்கெனவே பயந்துதான் இருக்கேன். புதுசா என்ன பயப்படப் போறேன்?"

இடுப்பில் போன் அடித்தது. மாட்டிக்கொண்டவர்கள் போன். பழக்கத்தில் கை தானாக எடுத்தது. "சொல்லுங்க. எத்தனை பேர் உள்ளே? பதட்டப்படாதீங்க, கதவை நெம்பாதீங்க." பிறகு அவளைப் பார்த்தார். "என்னால வர முடியாது. வேற ஆளை அனுப்புறேன், இருபது நிமிஷத்துல வந்துடுவார்." யாரோ ஒருவருக்கு போன் பண்ணி முகவரி சொன்னார். இருபது வருடத்தில் அந்த போனில் வர முடியாது என்று அவர் சொல்லி அவள் கேட்டதில்லை.

"அத்தானுக்கு நாலாவது தவணை," என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "உள்ளங்கை தோலெல்லாம் உரிஞ்சு, டம்ளரைப் பிடிக்க முடியலை. நான்தான் புகட்டினேன். அதை உனக்கு நான் பண்ணணுமேன்னு... பண்ண மாட்டேன்னு இல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லலை?"

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் கறை. எத்தனை துவைத்தும் போகாதது.

"அண்ணி இன்னைக்குக் கடைக்கு வந்தாங்க. உங்க அத்தான் போனது மருந்தால இல்லைன்னு சொன்னாங்க."

"அக்காவா?" அவர் திரும்பினார். "என்கிட்ட அதைச் சொன்னதே இல்லையே."

"நீங்க அவங்க முன்னாடி அந்தப் பேச்சை எடுத்தாத்தானே."

கொஞ்ச நேரம் இருவரும் ஆம்புலன்ஸ்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு," என்றார். "நான் சொன்னா அது அத்தானை நெனச்சுச் சொன்னதா இருக்கும். ஆனா ஒண்ணு. இனிமே நம்பர் எது வந்தாலும் எனக்கும் காட்டணும். புரியுதோ இல்லையோ, காட்டணும். சரிங்களா மாஸ்டர்?"

*

நாலு நாற்பதுக்கு அவர்கள் மறுபடி உள்ளே போனார்கள்.

"மருந்து கேட்கலைன்னா என்ன ஆகும்?" என்றாள் மாஸ்டரம்மா, உட்காருவதற்கு முன்பே.

"ரெண்டு தவணை முடிஞ்சதும் பார்ப்போம். இந்த வகையில பெரும்பாலும் கேட்கும். சிலருக்குக் கேட்காது. ரொம்பச் சிலருக்கு மருந்து ஓடும்போதே வளரும். அப்படின்னா மருந்தை மாத்துவோம், இல்லைன்னா உடனே எடுப்போம். அஞ்சு மாசம் கண்ணை மூடிக்கிட்டு உட்கார மாட்டோம்." டாக்டர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "முன்னாடி குடுக்கிறதுல இருக்கிற லாபமே அதுதான். எடுத்துட்டு அப்புறம் குடுத்தா, மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க உள்ளே ஒண்ணும் இருக்காது. இப்போ இருக்கு. அளந்து பார்க்கலாம்."

"சுருங்கினா?"

"சின்னதா எடுத்தாப் போதும்னு ஆகலாம். உத்தரவாதம் தர மாட்டேன்."

"சுருங்கிச் சுருங்கி ஒண்ணுமே இல்லாமப் போயிட்டா எந்த இடத்துல வெட்டுவீங்க?"

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "இதை யாரும் என்கிட்டக் கேட்டதில்லை. முன்கூட்டியே உள்ளே ஒரு சின்ன உலோகப் புள்ளி வச்சிடுவோம். எள்ளு அளவுதான். கட்டி மறைஞ்சாலும் அது இடத்தைக் காட்டும்."

மாஸ்டரம்மா அதை யோசித்தாள். அது அவளுக்குப் புரிந்தது.

"முதல்ல கீமோ குடுங்க. ஆனா அளக்கிறது எம்.ஆர்.ஐ.யிலதான். அதே மெஷின். அளக்கிற ஆளும் அதே ஆளா இருக்கணும்."

"மெஷின் அதேதான். ஆளுக்கு நான் முயற்சி பண்றேன். அவருக்கு லீவு கீவு வந்தா என்னைத் திட்டாதீங்க."

"லீவு போட வேண்டாம்னு சொல்லுங்க."

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தச் சீட்டின் பின்பக்கத்தில், முதல் தவணை செவ்வாய் என்று எழுதிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாஸ்டரம்மா மகளுக்கு போன் போட்டாள். கணவர் வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை.

"அம்மா, படிச்சுக்கிட்டிருக்கேன். என்ன இந்த நேரத்துல?"

"சாப்பிட்டியா?"

"அம்மா. என்ன விஷயம்?"

சொன்னாள். சுற்றி வளைக்காமல், டாக்டர் சொன்ன வரிசையிலேயே. கட்டி, வகை, மருந்து, செவ்வாய்க்கிழமை.



"எந்தப் பக்கம்?"

"இடது."

"எப்போ தெரிஞ்சுது?"

"நாலு வாரம் ஆச்சு."

"அப்பாவுக்கு?"

"நாலு வாரம்."

"அத்தைக்கு?"

"அவங்களுக்கும்தான்."

"கடையில?"

"கடையில யாருக்கும் சொல்லலை."

"அப்போ உனக்கு நானும் காஜா எடுக்கிற அக்காவும் ஒண்ணு."

போன் அணைந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மூன்றாவது முறை போடும்போது லிஃப்ட்காரரின் வீட்டு போன் அடித்தது.

அவர் எடுத்தார். கேட்டார். "சரிம்மா" என்றார். "இல்லைம்மா" என்றார். போனைக் கையால் மூடிக்கொண்டு மனைவியிடம் திரும்பினார்.

"உன்கிட்டப் பேச மாட்டாளாம். செவ்வாய்க்கிழமை மருந்து ஏத்துறப்போ பக்கத்துல அவதான் உட்காருவாளாம். திங்கட்கிழமை பஸ்ஸுக்குச் சீட்டுப் போடப் போறாளாம்."

"செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கடைசிப் பரீட்சை."

"நானும் அதைத்தான் சொன்னேன்."

"என்ன சொல்றா?"

"பரீட்சை ஆறு மாசத்துல திரும்ப வருமாம்."

மீதியை அவர் சொல்லவில்லை. அவள் போனைப் பிடுங்கினாள்.

"இங்கே பாரு. பரீட்சையை விட்டுட்டு நீ வந்தா நான் மருந்தே ஏத்திக்க மாட்டேன்."

"உன்கிட்டப் பேச மாட்டேன்னு சொன்னேன்."

"பேச வேண்டாம். கேளு. நான் சொன்னபடி செவ்வாய்க்கிழமை வந்து ஏத்திக்கிறேன். அப்பா கூட இருப்பார். நீ போய்ப் பரீட்சை எழுது."

"நீ ஏத்திக்கிட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" மகளின் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "நாலு வாரமா தினம் பேசினே. நல்லா இருக்கேன்னு சொன்னே. அதுல எதும்மா நிஜம்? செவ்வாய்க்கிழமை நீ சொல்லப்போறதை மட்டும் நான் எப்படி நம்பறது?"

இணைப்பு போய்விட்டது.

தாழ்வாரத்தின் கோடியிலிருந்து நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். "திங்கட்கிழமை புள்ளி வைக்க வரணும். செவ்வாய் காலை எட்டு மணிக்கு முதல் தவணை. எல்லாம் போட்டுட்டேன். கூட இருக்கிறவங்க பேரு மட்டும் நீங்க எழுதிடுங்க. ஒருத்தரைத்தான் உள்ளே விடுவோம்."

லிஃப்ட்காரர் படிவத்தை வாங்கி முழங்காலில் வைத்துக்கொண்டார். கட்டத்தில் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினார். அதைப் பார்த்தார். மேலே ஒரு கோடு இழுத்து அடித்தார்.

பிறகு, "என் பேரா, அவ பேரா, நீயே எழுது," என்று பேனாவை மனைவியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.